போகிக்கு 1,000 கிலோ, வரிக்கு டன் கணக்கில்

கேள்வி: விமானத்தில் டேங்கை முழுக்க நிரப்பிவிட்டால் பயமே இல்லையே, ஏன் அளந்து அளந்து போடுகிறார்கள்?

சில வருடம் ஒரு விமான நிறுவனத்தின் டிஸ்பாட்ச் பிரிவில், அதாவது ஒவ்வொரு பயணத்துக்கும் எரிபொருள் கணக்குப் போடும் இடத்தில் இருந்தேன். சேர்ந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான்.

எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். கூடுதலாக ஏற்றியதில் மணிக்குச் சுமார் 3, 4 சதவீதம் வழியிலேயே எரிந்துவிடும். டெல்லியிலிருந்து சென்னைக்கு 1,000 கிலோ அதிகம் போட்டால், இறங்கும்போது 900 கிலோ மிஞ்சும்.

பயணத்துக்கு வேண்டியது, எதிர்பாராததற்கு வழக்கமாக அதில் 5 சதவீதம், மாற்று விமான நிலையம் வரை போக, அப்புறம் 30 நிமிடம் வட்டமடிக்க. இது கட்டாயம், இதில் பேரமே கிடையாது. இதற்கு மேல் எவ்வளவு என்பதில்தான் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் அதிகம் ஏற்றியது பயத்தினால் அல்ல, வரியினால். விமான எரிபொருள் ஜிஎஸ்டியில் இல்லை. மாநிலங்கள் போடும் வாட் வரிதான். உள்நாட்டு விமானங்களுக்குத் தமிழ்நாட்டில் அது 29 சதவீதம். சில மாநிலங்களில் 5 சதவீதமோ அதற்கும் கீழோதான். அடிப்படை விலை ஒன்றே என்று வைத்தால், சென்னையில் சுமார் 23 சதவீதம் அதிகம். மூன்று மணி நேரம் சுமந்து வந்ததில் போகும் நஷ்டத்தை ஈடுகட்ட 11 சதவீத வித்தியாசம் போதும். அப்படியென்றால் திரும்பிப் போக வேண்டியதையும் வரி குறைந்த ஊரிலேயே நிரப்பிக்கொண்டு சென்னைக்கு வருவது லாபம். இதற்கு டேங்கரிங் என்று பெயர். வரியை மிச்சம் பிடிக்க வானத்தில் வீணாக எரிக்கிறோமே என்று எனக்கு உறுத்தும், கம்ப்யூட்டருக்கு உறுத்தாது. அதுவும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. இறங்கும் எடைக்கு வரம்பு உண்டு. மழையில் ஓடுபாதை நனைந்திருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

சரி, பயத்துக்காகப் போடுவது? போகி அதிகாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னைக்கு வந்த பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. ஏர்பஸ் ஏ320 ரக விமானத்துக்கு 1,000 கிலோ என்பது ஏறக்குறைய 25 நிமிடக் காத்திருப்பு. அதைச் சுமக்கும் செலவு 100 கிலோ. அது இல்லாமல் பெங்களூருக்குத் திரும்பினால், போய்வரும் எரிபொருளே டன் கணக்கில். அதற்குள் விமானிகளின் பணிநேரம் முடிந்துவிட்டால் மாற்று ஆள் தேட வேண்டும். மற்ற நாட்களில் கூடுதலாக 300 கிலோ போட்டாலே விளக்கம் கேட்பார்கள். போகியன்று கேப்டன் கேட்குமுன் நானே சேர்த்துவிடுவேன், காரணம் என்ற இடத்தில் 'புகை' என்று மட்டும் எழுதி.