குதிரையை விட சினோன்தான் ஆபத்து

கிரேக்கப் புராணத்தில் சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்குப் பாடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. ஆனால் நான் டீமில் புதிதாகச் சேருபவர்களுக்கு எப்போதும் சொல்வது டிராய் நகரம் விழுந்த கதையைத்தான்.

உள்ளே கிரேக்க வீரர்கள் ஒளிந்திருந்த மரக்குதிரையை எல்லோருக்கும் தெரியும். அதை ஊருக்குள் கொண்டுபோக வைத்த கிரேக்கன் சினோனை அவ்வளவு பேருக்குத் தெரியாது. ரோமக் கவிஞர் வெர்ஜில் அவனைப் பற்றி விரிவாகவே பாடியிருக்கிறார். கிரேக்கப் படை ஊர் திரும்பிவிட்டதாகப் போக்குக் காட்டி ஒளிந்துகொள்ள, இவன் மட்டும் டிராய்க்காரர்களிடம் வேண்டுமென்றே பிடிபடுகிறான். என்னைப் பலிகொடுக்கப் பார்த்தார்கள், தப்பித்து வந்தேன் என்று அழுகிறான். இரக்கப்பட்டுக் கட்டை அவிழ்த்துவிடுகிறார்கள். அப்புறம் குதிரை தெய்வக் காணிக்கை என்று அவன் சொன்னதையும் நம்பி, பத்தாண்டு முற்றுகைக்குத் தாங்கிய மதிலைத் தாங்களே இடித்து அதை உள்ளே இழுக்கிறார்கள்.

எக்ஸ்இசட் யூட்டில்ஸில் நடந்ததும் இதுதான். லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும், ஃபைல்களைச் சுருக்கும் கம்ப்ரெஷன் மென்பொருள் அது. பல வருடங்களாக அதைத் தன் சொந்த நேரத்தில் பராமரித்து வந்தவர் ஒரே ஒருவர். 2021 கடைசியில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து ஒழுங்கான பேட்ச்களாக (கோடுக்கான திருத்தங்கள்) அனுப்பினார். வேறு சில கணக்குகள், வேலை நகரவே இல்லை, இன்னொருவரைச் சேருங்கள் என்று நச்சரித்தன. களைத்துப்போயிருந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பைக் கொடுத்தார். ரிலீஸ் போடும் உரிமையும் கைமாறியது. 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், வெளியாள் ரகசியமாகக் கணினிக்குள் நுழைவதற்கான பின்வாசல் இருந்தது. டெஸ்ட் ஃபைல்களுக்குள் ஒளித்திருந்தார்கள். அதைத் தூண்டிவிடும் பில்ட் ஸ்கிரிப்ட், வெளியிடப்படும் தொகுப்பான ரிலீஸ் டார்பாலில் மட்டும் இருந்தது, கோடைச் சேமித்து வைக்கும் கிட் ரெப்போவில் கிடையாது. ரெப்போவில் பதிவாகும் மாற்றங்களான கமிட்களை மட்டும் ரிவ்யூ செய்தவருக்கு அது கண்ணில் பட வழியே இல்லை.

வாசலில் குதிரை நான்கு முறை தடுக்கி நின்றதாம். நான்கு முறையும் உள்ளே ஆயுதங்கள் குலுங்கின, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்கிறார் வெர்ஜில். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எக்ஸ்இசட் விஷயத்தில், ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் டெவலப்பர் காதில் போட்டுக்கொண்டார். தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைப் பார்த்து, காரணம் தெரியும்வரை தோண்டி, 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். பெரும்பாலான சர்வர்களுக்கு அந்தப் பதிப்பு போய்ச் சேருமுன் தடுத்துவிட்டார்கள்.

சரி, நாங்கள் என்ன செய்கிறோம்? 'ஏதோ ஸ்லோவாக இருக்கிறது' என்று ஜூனியர் ஒருவர் சொன்னாலும் அதை டிக்கெட்டாகப் போட்டு, காரணம் தெரிந்த பிறகே ரிலீஸ் செய்கிறோம். புது டிபெண்டென்ஸி (எங்கள் மென்பொருள் நம்பியிருக்கும் வெளியார் கோடு) சேர்க்கும்போது, கோடோடு சேர்த்து, அதை எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், ரிலீஸை யார் போடுகிறார்கள் என்றும் பார்க்கிறோம். ஒருவரே தனியாக இழுத்துக்கொண்டிருந்தால், அவருக்குப் பண உதவி செய்யச் சொல்லி மேனேஜரிடம் கேட்கிறேன். கிடைக்காத இடங்களில், அந்தப் பிராஜெக்ட்டில் தேங்கிக் கிடக்கும் பக் ரிப்போர்ட்களில் சிலவற்றையாவது எங்கள் டீம் எடுத்துச் சரிசெய்து கொடுக்கிறது.