மூன்று பெட்டியும் பெரிய நைட்டா? கொஞ்சம் பொறுங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நண்பனின் ஸ்பேஸ் மரீன்ஸை இரவல் வாங்கித்தான் இவ்வளவு நாளும் வார்ஹாமர் 40,000 விளையாடினேன். இனிச் சொந்தமாக இம்பீரியல் நைட்ஸ் படை ஒன்று தொடங்க ஆசை. ஆகஸ்டில் அண்ணா லண்டனில் இருந்து வருகிறார், மூன்று பெட்டி கொண்டுவரலாம் என்கிறார். மூன்றையும் பெரிய நைட்டாகவே எடுத்தால் 2000 புள்ளிப் படை சரிதானே? கொழும்பு வெக்கையில் பெயின்ட் அடிப்பது, காந்தம் வைப்பது எல்லாம் சரிவருமா?"

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: வார்ஹாமர் 40,000 என்பது பிளாஸ்டிக் படைகளை நாமே ஒட்டிப் பெயின்ட் அடித்து, மேசையில் தாயக்கட்டை உருட்டி விளையாடும் போர் ஆட்டம். ஸ்பேஸ் மரீன்ஸ் அதில் ஒரு வீரர் படை, நைட் என்பது இராட்சதப் போர் இயந்திரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு, இரண்டு பக்கமும் ஒரே புள்ளி அளவுக்குப் படை சேர்க்கும். தம்பி, மூன்றும் பெரிதாக வேண்டாம். பெரிய நைட்டுக்கு குவெஸ்டோரிஸ் பெட்டி ஒன்று, சின்ன நைட்டுக்கு ஆர்மிஜர் பெட்டி இரண்டு என்று அண்ணாவிடம் சொல்லிவிடுங்கள். ஆர்மிஜர் பெட்டி ஒன்றுக்குள் இரண்டு இயந்திரம் இருக்கும், ஆகவே மொத்தம் ஐந்து. பெரியது 400 புள்ளியைச் சுற்றி, சின்னது ஒவ்வொன்றும் 140, 150 என்ற மட்டில் நிற்பதால், கூட்டிப் பார்த்தால் 1000க்குக் கிட்ட வந்துவிடும். 1000 புள்ளி ஆட்டம் ஒரு பின்னேரத்துக்குள் முடிகிற அளவு, புதிதாகத் தொடங்குகிறவருக்குத் தோதானது. மூன்று பெரிய நைட் வாங்கினால் 1200 மட்டில் நடுவில் தொங்குவீர்கள்: 1000க்குள் அடங்காது, 2000க்கு எட்டவும் எட்டாது.

புள்ளிக் கணக்கை நம்பி மட்டும் வாங்காதீர்கள். இந்த ஆட்டத்தைத் தயாரிக்கும் கொம்பனியான கேம்ஸ் வேர்க்‌ஷொப் அந்தக் கணக்கை வருடத்தில் சில தடவை மாற்றும், விதிப்புத்தகமே 2017, 2020, 2023 என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாக வந்திருக்கிறது. ஆனால் எதிரியில் எத்தனை பேரை விழுத்தினீர்கள் என்பதைவிட மேசையில் எத்தனை இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்பதற்குத்தான் பெரும்பாலும் வெற்றிப் புள்ளி, அது இத்தனை பதிப்பிலும் பெரிதாக மாறவில்லை. பிடிக்க வேண்டிய இடம் ஐந்து இருக்கும்போது உங்களிடம் மூன்றே மூன்று இயந்திரம் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒன்று விழுந்தால் படையில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. சின்ன ஆர்மிஜர்தான் ஓடி ஓடி இடம் பிடிக்கும், வாளும் வெப்ப ஈட்டி என்கிற துப்பாக்கியும் கொண்ட வார்கிளேவ் முன்னால் போக, இரட்டை ஓட்டோ கெனன் வைத்த ஹெல்வெரின் பின்னால் நின்று சுடும். இரண்டு பெட்டியில் வகைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குவெஸ்டோரிஸையும்விடப் பெரிய டொமினஸ் வகையில் வரும் காஸ்டலன் சரியான வடிவு, அதில் எனக்கும் ஆசைதான், ஆனால் அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வாங்க வேண்டிய பெட்டி.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கென்னவோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. யாரோடு விளையாடப் போகிறீர்கள்? இங்கிலாந்தில் கொம்பனியின் ஊரான நொட்டிங்காமில் இந்த வாரம் ஒருவர் ஒத்துவராவிட்டால் அடுத்த வாரம் வேறொருவர் கிடைப்பார். கொழும்பில் உங்களோடு மேசைக்கு வரப்போவதே நாலைந்து பேர், அதுவும் வேலை முடிந்து, மழை விட்டு, ட்ராபிக் குறைந்த பிறகு. நைட்ஸ் படையில் இருப்பதெல்லாம் தடித்த கவசம் போட்ட இயந்திரம். சாதாரண துவக்கு வைத்த காலாட்படை அதைச் சுட்டால் கீறல் விழுவதே அபூர்வம். தொடக்கப் பெட்டியில் வந்த காலாட்படையோடு வருகிற நண்பர் இரண்டு சுற்று தாயக்கட்டையை வீணாக உருட்டிவிட்டு மூன்றாவது சுற்றில் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்குவார். நீங்கள் வென்றிருப்பீர்கள், ஆனால் அடுத்த கிழமை அவர் வரமாட்டார். இந்தப் படையை எடுக்கிறவர் எதிராளியின் ஆட்டத்துக்கும் சேர்த்துப் பொறுப்பெடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே பெட்டி வருவதற்கு முன்பே கதைத்து வையுங்கள். லாஸ்கெனன், மெல்ற்றா போல கவசம் உடைக்கிற ஆயுதம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். இல்லாதவரோடு முழு நைட்ஸ் படையை இறக்காதீர்கள். 2023இல் வந்த பத்தாம் பதிப்பின் விதிப்படி இம்பீரியம் என்கிற மனிதப் பேரரசின் பக்கத்துப் படை எதுவானாலும் ஒரு பெரிய நைட்டையோ, மூன்று வரை ஆர்மிஜரையோ துணைக்குச் சேர்க்கலாம். நண்பரின் ஸ்பேஸ் மரீன்ஸோடு உங்கள் இரண்டு ஆர்மிஜர் சேர்ந்தால் அது நல்ல சமமான படை. இவ்வளவு நாளும் நீங்கள் அவரிடம் இரவல் வாங்கினீர்கள், இனி அவருக்கு நீங்கள் இரண்டு இயந்திரம் இரவல் கொடுங்கள். ஆர்மிஜரை முதலில் வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

காந்தத்துக்கு வருவோம். குவெஸ்டோரிஸ் பெட்டிக்குள் தேர்மல் கெனன், பட்டில் கெனன், அவெஞ்சர் கட்லிங் என்று துப்பாக்கிகளும், செயின் வாளும், இரும்புக் கையுறையும் ஒன்றாகவே வரும். பசை போட்டு ஒட்டிவிட்டால் ஐந்து விதமாக நிற்கக்கூடிய நைட் ஒரே விதமாக நின்றுவிடும், அடுத்த விதி மாற்றத்தில் அந்த ஆயுதம் சோர்ந்து போனால் உங்கள் காசும் சோர்ந்து போகும். அதனால் ஆயுதங்களைக் கழற்றி மாட்டக் கட்டாயம் காந்தம் வையுங்கள். 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள நியோடிமியம் காந்தம் இதற்குப் போதும், புறக்கோட்டையில் இலெக்ட்ரோனிக் சாமான் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். கையால் சுழற்றும் சின்ன ட்ரில்லால் கொஞ்சம் கொஞ்சமாகத் துளையுங்கள், மின் ட்ரில்லின் வேகத்துக்கு இந்தப் பிளாஸ்டிக் உருகிவிடும். எல்லாரும் சறுக்குவது துருவத்தில்தான். ஒரு காந்தத்தை எடுத்து ஒரு பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வைத்து, அதைத் தனியே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காந்தத்தையும் பசையில் இறக்குவதற்கு முன் அதனோடு ஒட்டிப் பாருங்கள்: உடம்புப் பக்கம் எல்லாம் ஒரு துருவம், ஆயுதப் பக்கம் எல்லாம் மற்றது. அப்படி வைத்தால் ஒரு நைட்டின் கையை இன்னொரு நைட்டுக்கும் மாட்டலாம். காந்தத்துக்கு சூப்பர் குளூ, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்குக்கு அதை லேசாகக் கரைத்து ஒட்டும் மொடல் சிமென்ட். சிமென்ட் கிடைக்காவிட்டால் சூப்பர் குளூவாலேயே சமாளிக்கலாம், கணுக்காலில் மட்டும் உள்ளே கம்பித் துண்டு ஒன்று வைத்து ஒட்டுங்கள், ஓட்டோவில் போகும்போது முதலில் உடைவது அங்கேதான்.

பெயின்ட் அடிக்கும்போது முழு நைட்டையும் கட்டி முடித்துவிட்டு பிரஷ்ஷை எடுக்காதீர்கள். எலும்புக்கூடு தனி, கவசத் தகடுகள் தனி. முழங்கால் கவசத்தை ஒட்டிவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் பிஸ்டனுக்குள் பிரஷ் போகாது. எலும்புக்கூடு முழுக்க இரும்பு நிறம் ஒன்று, அதன்மேல் பள்ளங்களுக்குள் இறங்கும் மெல்லிய கறுப்பு வாஷ் ஒன்று, ஒரு நாளில் முடியும். நேரம் போவது தகடுகளில்தான். தோள் தகடு அகலமானது, தடித்த பெயின்ட்டை ஒரே தடவையில் இழுத்தால் பிரஷ் கோடு அப்படியே தெரியும், தண்ணீர் கலந்து மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒட்டுகிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள், பெயின்ட்டின் மேல் சிமென்ட் பிடிக்காது. நிறத்துக்குக் கவலை வேண்டாம், நைட் குடும்பங்களில் ஹவுஸ் டெரின் நீலம், செவ்வாய்க் கிரகத்து ஹவுஸ் டரானிஸ் சிவப்பு என்று பரம்பரை நிறங்கள் இருந்தாலும், எந்தக் குடும்பத்தையும் சேராமல் தனியே திரிகிற ஃப்ரீபிளேட் என்று சொல்லி விரும்பிய நிறம் அடிக்கலாம், யாரும் கேட்க முடியாது.

வெக்கையைவிட ஈரப்பதன்தான் கொழும்பில் பிரச்சினை. காற்று ஈரமாக இருக்கும்போது அடிப்பூச்சான ப்ரைமரை ஸ்ப்ரேயாக அடித்தால் மேற்பரப்பு மாவு தூவியதுபோலச் சொரசொரத்துவிடும், பெரிய தட்டையான கவசத்தில் அதை மறைக்கவே முடியாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழைக் காலம், அப்போது ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம். பிரஷ்ஷால் பூசுகிற ப்ரைமர் வாங்குங்கள், அல்லது மழையில்லாத நாளில் வெயில் நன்றாக ஏறிய பிறகு ஸ்ப்ரே அடியுங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் கிடைக்கும் கார் ப்ரைமரைப் பாவிப்பதென்றால் முதலில் பாகங்களை வெட்டியெடுத்த வெறும் ஸ்ப்ரூ சட்டத்தில் அடித்து, பிளாஸ்டிக்கைத் தின்கிறதா என்று பாருங்கள்.

மேசையைப் பற்றியும் யோசியுங்கள். 1000 புள்ளிக்கும் 2000 புள்ளிக்கும் சொல்லப்பட்ட அளவு 60க்கு 44 அங்குலம், பிளாட் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு பலகை போட வேண்டிவரும். பெரிய நைட்டின் அடித்தட்டு 170 மில்லிமீற்றர் நீளமான நீள்வட்டம், ஆகவே கட்டிடங்களை நெருக்கி வைத்தால் உங்கள் நைட் ஒரு மூலையில் நின்றபடியே ஆட்டம் முடியும்.

உங்கள் நண்பர்களுக்கும் பெரிய இயந்திரப் பைத்தியம் பிடித்தால் அடெப்டஸ் டைட்டானிகஸ் இருக்கிறது, நைட்டையும்விடப் பெரிய டைட்டன் இயந்திரத்துக்கு எதிரே டைட்டன், 40,000 ஆட்டத்தின் நாலில் ஒரு பங்கு அளவு, முழுப் படையும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கும். 1988இல் முதலில் வந்தபோது பெட்டிக்குள் ஒரே அச்சில் வார்த்த ஆறு வோர்லோர்ட் டைட்டன்தான் இருந்தது, இரண்டு பக்கமும் ஒரே இயந்திரம் எப்படி என்று கேட்பார்களே என்பதற்காக உள்நாட்டுப் போர்க் கதை ஒன்றைப் பின்னணியாக வைத்தார்கள், அதுதான் பிறகு ஹோரஸ் ஹெரசி என்கிற பெரும் கதைத் தொடராக வளர்ந்தது. அது தனிப் படை, தனிச் செலவு. இப்போதைக்கு விடுங்கள்.

அண்ணாவுக்கு ஒரு குறிப்பு. பெட்டிகள் பாரமில்லை, இடத்தைத்தான் அடைக்கும். அட்டைப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஸ்ப்ரூ சட்டங்களை உடுப்புகளுக்கு நடுவில் தட்டையாக அடுக்கச் சொல்லுங்கள், செய்முறைப் புத்தகம், சின்னங்கள் ஒட்டும் டிரான்ஸ்பர் தாள், அடித்தட்டுகள் மூன்றும் தவறவே கூடாது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டைப் பயணப்பெட்டிக்குள் வைக்கலாம். ஸ்ப்ரே டின்னும் மொடல் சிமென்ட்டும் தீப்பிடிக்கிற சாமான், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அவற்றை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.