.303 ரைபிளில் .308 புல்லட் போடலாமா?

கேள்வி: உரிமத்தோடு ஒரு .303 பிரிட்டிஷ் ரைபிள் வைத்திருக்கிறேன். சுட்ட தோட்டாவின் பித்தளை உறையில் (கேஸ்) புதிதாக வெடிமருந்தும் புல்லட்டும் வைக்கும் ரீலோடிங்கை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். விற்பவர் .308 புல்லட்டைக் காட்டி, "ரெண்டும் முப்பது காலிபர்தான், .308 கொஞ்சம் பெரிசு, நல்லா இறுக்கமா பிடிக்கும்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இறுக்கமாகப் பிடிக்காது, தொளதொளவென்றுதான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது .311 அல்லது .312 அங்குல புல்லட்.

பேரல் என்ற துப்பாக்கிக் குழலுக்குள் சுழல் பள்ளங்கள் வெட்டியிருக்கும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே மேடு. .303 என்ற பெயர் மேட்டுக்கு மேடு உள்ள அளவு. புல்லட் நிரப்ப வேண்டியதோ பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள அகலத்தை. இந்த வகை ரைபிள்களில் அது ஏறத்தாழ .311 முதல் .314 வரை இருக்கும். .308 வின்செஸ்டரில் பெயரே பள்ளத்தின் அளவு. .270 வின்செஸ்டருக்கு .277 புல்லட், .223 ரெமிங்டனுக்கு .224, 7 மி.மீ. வகைகளுக்கு .284. இப்படிப் பெயர் வைத்தவர்களுக்கு நூறு வருடமாக ஓர் ஒழுங்கு வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. பெட்டியில் 'டயாமீட்டர்' என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

.308 போட்டால் என்ன ஆகும்? கேஸின் கழுத்தில் பிடிப்பு இருக்காது. தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் இடிபட்டால் புல்லட் உள்ளே இறங்கிவிடும். சுட்டால் பக்கவாட்டில் வாயு கசியும், புல்லட்டுக்குச் சரியான சுழற்சி கிடைக்காது, இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை விழும். தலைகீழ்த் தவறு இதைவிட மோசம். .308 ரைபிளில் .311 போட்டால் கேஸின் கழுத்து தடித்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் விரிய இடமில்லாமல் புல்லட்டை விடாது, அழுத்தம் எகிறும். பழைய 8 மி.மீ. மவுசரிலும் இதே பொறிதான்: 1888 காலத்து பேரலுக்கு .318, 1905-க்குப் பிந்தையதற்கு .323. இரண்டுக்கும் சந்தையில் பலநேரம் ஒரே பெயர்.

உங்கள் பேரலை அளந்துவிடுங்கள். ரைபிள் காலிதானா என்று பார்த்து, போல்ட்டைக் கழற்றி, பேரலைச் சுத்தம் செய்து லேசாக எண்ணெய் விடுங்கள். பள்ள அளவைவிடச் சற்றே பெரிய சுத்த ஈயக் கட்டியை முன்வாயில் மரச்சுத்தியலால் தட்டி இறக்கி, பித்தளைக் கம்பியால் மறுபுறம் வரை தள்ளுங்கள். கலப்பு ஈயம் வேண்டாம். வெளியே வந்ததும் கொஞ்சம் உப்பும், அளவு பொய் சொல்லும். அளக்க மைக்ரோமீட்டர்தான், இங்கே அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே தீர்ப்பு என்பதால் வெர்னியர் காலிபர் போதாது.

.303-இல் ஒரு தொல்லை உண்டு. பெரும்பாலான லீ-என்ஃபீல்ட் (.303 பிரிட்டிஷ் ராணுவ ரைபிள்) பேரல்களில் ஐந்து பள்ளம். நான்கோ ஆறோ என்றால் பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் வரும். ஐந்தில் ஒரு பள்ளத்தின் நடுவுக்கு எதிரே மேடு வரும். ஈயக்கட்டியை அப்படியே வைத்து அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். .312 பேரலை .310 என்று நினைத்து, ".308 போதுமே" என்று விற்பவரிடமே திரும்பிப் போவது இப்படித்தான். மைக்ரோமீட்டருக்குள் கட்டியை மெல்ல உருட்டிக்கொண்டே அளந்து, கிடைக்கும் மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது ஈயக்கட்டியைச் சுற்றி ஷிம் எனப்படும் மெல்லிய உலோகத் தகட்டை, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒரே சுற்றாக இறுக்கிச் சுற்றி அளந்து, தகட்டின் தடிமனை இரண்டு மடங்காகக் கழியுங்கள். ஐந்து பள்ளத்துக்கென்றே வி-வடிவத் தாங்கியுள்ள மைக்ரோமீட்டரும் உண்டு. போர்க்காலத்து பேரல் சிலவற்றில் இரண்டே பள்ளம். அதில் இந்தத் தலைவலி இல்லை.

.311, .312 வந்தால் அதே அளவு ஜாக்கெட் புல்லட் (ஈயத்தின் மேல் செம்பு உறை போட்டது). .314 வந்து, .312 புல்லட் இலக்கில் அங்கங்கே சிதறி விழுந்தால், வார்த்த ஈய புல்லட்டைப் பள்ள அளவைவிட ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ கூட்டிப் போடலாம்.

பெட்டியில்லாமல் பையில் அள்ளித் தரும் புல்லட்டைத் தொடவே வேண்டாம். கைக்கு வந்த எதிலிருந்தும் பத்தை எடுத்து அளந்து பாருங்கள். புல்லட்டின் எடையோ தயாரிப்போ மாறினால், அதற்கான கையேட்டில் உள்ள ஆரம்ப வெடிமருந்து அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பழைய அளவை அப்படியே போடாதீர்கள்.