தை வரைக்கும் தாங்குமா கூரை?

கேள்வி: ஏற்காட்டுல எங்களோடது பழைய மரவீடு சார், மேல மங்களூர் ஓடு. ஐப்பசி மழைக்கு கட்டில் மேலயே ஒழுகுது. ஆசாரி தை மாசம்தான் வருவேங்கறாரு. அதுவரைக்கும் என்ன பண்றது?
– ஏற்காடு வாசகி

பதில்: முதல்ல ஒண்ணும்மா, மழையில ஓட்டு மேல ஏறவே ஏறாதீங்க, அங்க இருக்கற ஈரத்துக்கு பாசி புடிச்சு கெடக்கும், வழுக்கிடும். ஒழுகுற எடத்துல லைட்டு, வயரு இருந்தா மெயினை ஆஃப் பண்ணிடுங்க.

கட்டில் மேல சொட்டுதுன்னா ஓட்டையும் நேர் மேலதான்னு இல்ல, தண்ணி கூரையைத் தாங்குற சாய்வு மரமான கைமரத்தோடயே ஓடி வந்து வேற எங்கயோ சொட்டும், அதனால டார்ச் அடிச்சு ஈரத்தடத்தை முகட்டுப் பக்கமா பாத்துட்டே போங்க, கண்டுபுடிச்சிடலாம். ஒண்ணு ரெண்டு ஓடு ஒடஞ்சிருந்தா மழை விட்டதும் ஆளை வெச்சு மாத்திடறதே நல்லது, எம்-சீல் எல்லாம் சின்ன விரிசலுக்குத்தான், அதுவும் காஞ்ச ஓட்டுலதான் சரியா ஒட்டும்.

நிறைய எடம்னா தார்ப்பாய்தான். அதோட மேல் ஓரம் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் 3, 4 அடியாவது இறங்கணும், பாதியில நின்னா தண்ணி அடியில பூந்துடும். ஓரத்தை ரீப்பர் கட்டையில, அதான் மெல்லிசான நீளக் கட்டையில சுருட்டி கயித்தால இழுத்துக் கட்டுங்க, ஓட்டுல ஆணி வேண்டவே வேண்டாம். காத்துக்கு அடிச்சுக்கிட்டா கிழிஞ்சிடும்.

சில்வர் ஓக் மரம் பக்கத்துல இருந்தா கூரைத் தண்ணி வடியற தகரத்துல சருகு அடைச்சிருக்கும், அதையும் அள்ளிடுங்க. வெயில் வர்ற நாள்ல தார்ப்பாயை ஒதுக்கி மரத்தைக் காய விடுங்கம்மா, மூடியே வெச்சா கைமரம் உளுத்துடும்.