சமூக ஊடகம், பண்பாடு, சமூகம் பற்றிய ஆய்வு மாநாட்டில் கட்டணம் கட்டிக் கலந்துகொள்வதால் பயன் உண்டா?

ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டுவிட்டது, பதிவுக் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் வந்துவிட்டது, நெறியாளரும் போகச் சொல்கிறார், ஆனால் சான்றிதழைத் தவிர வேறு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்கள் உதவித்தொகை இல்லாமல், கைக்காசைப் போட்டு முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருப்பவர் என்று தோன்றுகிறது. அப்படித்தான் நானும் தொடங்கினேன் என்பதால் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016ஆம் ஆண்டு விதிகளில் வைத்திருந்த கட்டாயம், 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென்று ஒரு விதியை இன்னும் வைத்திருக்கலாம். அதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் பதவி உயர்வுக்கான 2018ஆம் ஆண்டு விதிகளின் மதிப்பெண் அட்டவணையில் உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாட்டுக்கு 5, தேசிய மாநாட்டுக்கு 3 என்று இருப்பதால்தான், இணையவழியில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் சற்று நேரம் பேசினாலே அழைப்பிதழில் ‘பன்னாட்டு’ என்ற சொல் ஏறிவிடுகிறது. அந்தச் சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு என் அனுபவமே காரணம்.

இப்படிப்பட்ட ஒரு மாநாட்டில் நான் வாசித்த கட்டுரை கரகாட்டக் கலைஞர்களையும் யூடியூபையும் பற்றியது. தை மாதம் தொடங்கி ஆடி வரை நடக்கும் கோயில் திருவிழாக்களை நம்பித்தான் இவர்களுடைய ஆண்டு வருமானம் இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அது சரியாகப் பங்குனி, சித்திரைக் கோயில் கொடை விழாக்களின் காலமாக இருந்ததால், பேசி வைத்திருந்த ஆட்டங்கள் எல்லாம் நின்றுபோயின. ஆட்டம்தான் நின்றதே தவிர, முந்தைய ஆண்டுகளில் எடுத்த காணொளிகள் யூடியூபில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவை பெரும்பாலும் திருவிழாவைப் படம்பிடிக்க வந்த வீடியோக்காரர்களின் சேனல்களில் இருந்தன. விளம்பர வருமானம் சேனல் வைத்திருப்பவருக்குத்தான் போகும். விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018 முதல் யூடியூப் வைத்திருக்கும் பொதுவான நிபந்தனை. பல ஊர்த் திருவிழாக்களைப் படம்பிடித்து வைத்திருப்பவர் அதை எளிதில் எட்டிவிடுவார். செல்பேசியில் தனக்கென்று ஒரு சேனல் தொடங்கிய கலைஞரால் எட்ட முடிவதில்லை. ஆடியவருக்கும் அந்த ஆட்டத்தின் பதிவுக்கும் இடையில் உரிமை எப்படிக் கைமாறுகிறது என்பதுதான் என் கட்டுரையின் பொருள்.

எனக்கு முன்பு வாசித்த ஆய்வாளர் ஒருவர், பெண் கலைஞர்களின் காணொளிகளுக்குக் கீழே வரும் கருத்துகளில் உள்ள வக்கிரத்தை ஆராய்ந்திருந்தார். நோக்கம் நல்லதுதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கலைஞரின் முகமும் மேடைப் பெயரும் தெளிவாகத் தெரிய, அவரைப் பற்றி எழுதப்பட்ட ஆபாசமான வரிகளை அப்படியே திரையில் காட்டினார். அந்தப் பெண்ணை என் களப்பணியில் நான் சந்தித்திருந்தேன். அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். கேள்வி நேரத்தில் எழுந்து, இந்தப் படத்தைக் காட்ட அவரிடம் அனுமதி பெற்றீர்களா என்று கேட்டேன். பொதுவெளியில் கிடைக்கும் காணொளிக்கு அனுமதி எதற்கு என்று பதில் வந்தது. அவையில் பலர் அதற்குத் தலையசைத்தார்கள்.

இதைப் படிக்கும் சிலரும் அதையே சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் யாருடைய ஆய்வையும் முடக்கச் சொல்லவில்லை. 1999இல் தொடங்கப்பட்ட இணைய ஆய்வாளர்கள் சங்கம் (AoIR) 2002, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட நெறிமுறை ஆவணங்களைப் பாருங்கள். எல்லோரும் பார்க்க முடிகிறது என்பதாலேயே ஒன்றை எடுத்துப் பயன்படுத்திவிடலாம் என்று அவை சொல்லவில்லை. அதை வெளியிட்டவர் யார் பார்ப்பார்கள் என்று எண்ணி வெளியிட்டார், ஆய்வால் யாருக்குத் தீங்கு வரக்கூடும் என்று ஒவ்வொரு முறையும் ஆய்வாளர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே அவற்றின் நிலைப்பாடு. இங்கே அந்தக் காணொளியை வெளியிட்டவரே அந்தப் பெண் அல்லர்.

என் முறை வந்தபோது, என் கட்டுரையில் எல்லாக் கலைஞர்களின் பெயரையும் மாற்றி, முகங்களை மறைத்திருந்தேன். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி ஒப்புதலும் வாங்கியிருந்தேன். அந்த அளவில் எனக்கு மனநிறைவு இருந்தது. அப்போது நாட்டுப்புறவியலில் நெடுங்காலம் உழைத்த மூத்தவர் ஒருவர் எழுந்து, “கலைஞருக்குப் பெயர்தானே தொழில்? வீடியோக்காரர் தன் சேனல் பெயரைப் போட்டுக்கொள்கிறார், நீங்கள் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்கிறீர்கள், ஆடியவர் பெயர் மட்டும் இரண்டிலும் இல்லையே?” என்று கேட்டார்.

இரண்டு ஆண்டுகள் நூலகத்தில் இருந்திருந்தாலும் அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்திருக்காது. பெயரை மறைப்பது பாதுகாப்பு என்பதே முறையியல் நூல்களில் நான் படித்தது. நோயாளிகளையும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் பற்றிய ஆய்வில் அது முற்றிலும் சரி. மேடையில் அறிவிப்பாளர் தன் பெயரைச் சொன்னால்தான் அடுத்த ஊரிலிருந்து ஆட்டத்துக்குப் பேச ஆள் வரும் என்ற நிலையில் வாழ்பவருக்கு அது வேறு பொருள் கொள்கிறது. ஊர் திரும்பியதும் ஒவ்வொருவரையும் மீண்டும் பார்த்துக் கேட்டேன். சிலர் கட்டாயம் பெயரைப் போடுங்கள், செல்பேசி எண்ணைக் கூடப் போடுங்கள் என்றார்கள். சிலர் மகள் கல்லூரியில் படிக்கிறாள், வேண்டாம் என்றார்கள். ஒருவர் பெயர் இருக்கட்டும், கருத்துகளைப் பற்றிய பகுதியில் மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். யார் எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்பதை அவரவரே முடிவு செய்யும்படி ஆய்வேட்டில் ஓர் இயலையே நான் மாற்றி எழுதினேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதிக நேரம் பேசியதும் அந்த இயலைப் பற்றித்தான் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

இதற்காக எனக்கு நேர்ந்த செலவையும் சொல்ல வேண்டும். அப்போது நான் வேலை பார்த்த சுயநிதிக் கல்லூரி, மாநாட்டு நாட்களைப் பணி நாளாகக் கருத மறுத்துச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது. அதே கல்லூரி தன் ஆண்டறிக்கையில் அந்தக் கட்டுரையைத் தன் சாதனைகளில் ஒன்றாக அச்சிட்டது. தரமதிப்பீட்டுக் குழுவுக்கு எங்கள் கட்டுரைகளைக் கணக்குக் காட்டும் நிருவாகங்கள், அவற்றை வாசிக்கப் போவதற்கு ஒரு நாள் விடுப்பைக் கூடத் தர மனம் வராமல் இருப்பது அநியாயம். இதைச் சொன்னால் நன்றி கெட்டவர் என்று சொல்லும் முதல்வர்கள் இருப்பார்கள், சொல்லட்டும்.

உங்கள் அழைப்புக்கு வருகிறேன். பணம் கட்டும் முன் அமைப்பாளர்களுக்கு எழுதி, வாசிக்க எத்தனை நிமிடம், கேள்விக்குத் தனியாக எத்தனை நிமிடம், உங்கள் அமர்வுக்குத் தலைமை தாங்குபவர் யார், முழுக் கட்டுரையை அவருக்கு முன்கூட்டியே அனுப்புவார்களா என்று கேளுங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம், கலந்துரையாடல் இல்லை என்றால் போகாதீர்கள். அந்தப் பணத்தைக் களப்பணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போவதாக முடிவு செய்தால், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மானிடவியலாளர்கள் ஒன்பது பேர் ஒன்பது ஊர்களில் தலா பதினைந்து மாதங்கள் தங்கிச் சமூக ஊடகப் பயன்பாட்டை ஆராய்ந்த ‘Why We Post’ திட்டத்தின் நூல்களைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். சென்னைக்கு அருகே, தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் வந்து சேர்ந்த கிராமப் பகுதி ஒன்றும் அவற்றில் உண்டு; எல்லாமே இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. உங்கள் திரைக்காட்சியில் யாருடைய முகமாவது, பதிவாவது இருந்தால், கிளம்பும் முன் அவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.