வாசகர் கேள்வி – பதில்: ஏரிக்கரையில் பருந்துகளைப் படமெடுக்க

கேள்வி: அல்சூர் ஏரிக்கரையில் காலை நேரங்களில் பருந்துகளைப் படமெடுத்துப் பழகி வருகிறேன். 400 மி.மீ. லென்ஸ் இருந்தும் பெரும்பாலான படங்களில் பறவை கரிய நிழலாகவே விழுகிறது. மற்றவற்றில் வாலும் முதுகும்தான் தெரிகின்றன. இன்னும் பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வேண்டாம். மாற்ற வேண்டியது நீங்கள் நிற்கும் இடத்தை. பறவைகள் எதிர்காற்றில்தான் எழும்பும், இறங்கும். நீர்மட்டத்துக்குத் தாழ்ந்து இரை தேடும் பருந்தும் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே நிதானமாக நகரும். எனவே காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால் பறவையின் முகம் கிடைக்கும். காற்றை எதிர்கொண்டு நின்றால் வால்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெங்களூரில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வீசுவதால், காலையில் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி நிற்பவருக்கு வெயிலும் காற்றும் ஒருங்கே முதுகுப்புறம் அமைகின்றன. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வரும். அப்போது மாலையில் மேற்குக் கரைக்குச் செல்லுங்கள், மேகம் விட்டுவைத்தால். தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழத் தொடங்கியதும் பருந்துகள் சிறகடிக்காமலே வட்டமிட்டு உயரே சென்றுவிடும்; அதன் பிறகு கழுத்துவலிதான் மிச்சம்.

கரிய நிழல் விழுவதற்குக் காரணம், வெளிறிய வானத்தை அளவாகக் கொண்டு கேமரா ஒளியைக் குறைத்துவிடுவதுதான். கரும்பருந்து வானத்தின் பின்னணியில் பறக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தில் பதிவாகும் ஒளியின் அளவை) +1 அளவுக்குக் கூட்டுங்கள். செம்பருந்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மரநிழல் படிந்த கருநீரின் மேல் அது வந்தால் சற்றுக் குறைக்க வேண்டும். இல்லையேல் அதன் வெண்தலை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அந்தத் தலையிலும் மார்பிலும் மெல்லிய கருங்கோடுகள் உண்டு. எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கையில் அக்கோடுகள் தெரிந்தால் ஒளி சரியாக இருக்கிறது என்று பொருள்.

ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறைய வேண்டாம். நீர்ப்பரப்பில் மிதக்கும் மீனைச் செம்பருந்து கால்களால் அள்ளிய பின்னும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடாதீர்கள். பறந்தபடியே தலையைக் குனிந்து, காலில் பற்றிய இரையைக் கொத்தித் தின்பது அதன் வழக்கம். பலரும் தவறவிடும் படம் அதுதான்.

கேள்வி: நண்பர்கள் கோழிக்கழிவை வீசிப் பருந்துகளை அருகில் வரவழைத்துப் படமெடுக்கிறார்கள். இது முறையா?
– வாசகர், ஹெப்பாள், பெங்களூரு

பதில்: முறையல்ல. அப்படிப் பழகிய பருந்து, நாளை கையில் தின்பண்டத்துடன் நடக்கும் குழந்தையின் மீதும் பாயும். வீசிய கழிவில் மிஞ்சுவது ஏரியில் கிடந்து அழுகும். படம் என்ற வகையிலும், இரைக்கு அடித்துக்கொள்ளும் கூட்டத்தில் எல்லாம் ஒரே மாதிரியாகத்தான் அமையும். கூடுகட்டும் மரத்தடியில் காத்துக்கிடப்பதையும் இதே காரணத்துக்காக, அதாவது பறவையின் பிழைப்பில் நாம் தலையிடுகிறோம் என்பதற்காகவே, தவிர்க்கச் சொல்வேன்.

குளிர்காலத்தில் வலசை வரும் சேற்றுப் பூனைப்பருந்துக்கு எந்த இரையும் வீச வேண்டியதில்லை. கோரைப்புதர்களின் மேல் தாழ்வாக, சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி விரித்தபடி அது வரும். வானத்தைப் பார்ப்பதைவிட, நெற்றியில் வெள்ளை நாமம் கொண்ட கரிய நீர்ப்பறவைகளான நாமக்கோழிகளைக் கவனியுங்கள்: கரையோரம் மேய்ந்துகொண்டிருந்தவை திடீரென நீரை அறைந்தபடி ஏரியின் நடுவே ஓடி ஒன்றாகக் குவிந்தால், பூனைப்பருந்து வருகிறது என்று பொருள்; உடனே கேமராவை உயர்த்திக் கோரையின் விளிம்பில் ஃபோகஸ் செய்யுங்கள்.