டிக்கி கண்ணாடி கற்கண்டா கொட்டிப் போச்சு, இப்ப என்ன பண்றது?

கோயம்புத்தூர்ல வண்டிக் கண்ணாடி மாத்துற வேலைதான் இத்தனை வருஷமா எனக்குச் சோறு போடுது. இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல எஸ்யூவி பின் கண்ணாடி பத்தித்தான் இருந்துச்சு, அதனால அதுக்கே இடம் ஒதுக்கிட்டேன்.

கேள்வி (வாசகர், பொள்ளாச்சி): அண்ணா, தோப்புல புல்லு வெட்டுற மெஷின் ஓடிட்டு இருந்துச்சுங்க, எங்க ஏழு சீட்டு வண்டிய கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்திருந்தேன், டப்புன்னு ஒரு சத்தம், போய் பாத்தா பின் கண்ணாடி முழுசும் வெள்ளையா வலை விரிச்ச மாதிரி நிக்குது. என்னாச்சுன்னு பாக்க டிக்கிய திறந்தேன், மொத்தமும் சலசலன்னு கொட்டிருச்சு. போன வருஷம் முன் கண்ணாடில கல்லு பட்டப்ப ஒரு கடைல பசை ஊத்தி சரி பண்ணிக் கொடுத்தாங்க, பின்னாடி மட்டும் ஏன் அப்படி முடியாது? வெள்ளிக்கிழமை குழந்தைங்களோட பழனி போகணும், பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிட்டு போயிட்டு வந்துடலாமாங்ண்ணா?

பதில்: யாருக்கும் அடிபடலைல்ல தம்பி, அது போதும். புல்லு வெட்டுற மெஷின்ல இருந்து பறக்குற கல்லு கண்ணுல பட்டிருந்தா கதையே வேற.

முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பாக்கத்தான் ஒண்ணு, ஜாதியே வேற. முன்னாடி இருக்குறது ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் வச்சு ஒட்டினது, அதான் லேமினேட்டட்னு சொல்றது. கல்லு பட்டா மேல் கண்ணாடில மட்டும் சின்னதா ஓட்டை விழும், அதுல ரெசின் ஊத்தி அடைச்சிடலாம். பின்னாடி இருக்குறது ஒத்தைக் கண்ணாடி, 600 டிகிரிக்கு மேல சூடு பண்ணி சடார்னு காத்தடிச்சு ஆற வச்சது, டெம்பர்டு. வெளிப்பக்கம் இறுக்கிப் புடிச்சிட்டு இருக்கும், உள்ள இழுத்துட்டு இருக்கும். அந்த இறுக்கம் ஒரு இடத்துல விட்டுச்சுன்னா முழுசும் விட்டுரும், அதனாலதான் உங்களுக்கு மூலைல ஒரு சின்னக் கல்லு பட்டதுக்கே மொத்தமும் கற்கண்டு மாதிரி ஆயிருச்சு. இப்படி உடையணும்னுதான் அத செய்றதே, கத்தி மாதிரி நீளத் துண்டா உடைஞ்சா பின் சீட்டுல இருக்குற குழந்தை கழுத்துக்கு ஆபத்து. அதனால இதுக்கு ரிப்பேர் கிடையாது, மாத்துறதுதான்.

பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிட்டு பழனி போறத மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க. வண்டி ஓடும்போது பின்னாடி காத்தழுத்தம் குறையும், அப்ப சைலன்சர் புகை அப்படியே உள்ள இழுக்கும், அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கு, அதுக்கு வாசனையே கிடையாது. கடைசி சீட்டுல தூங்கிட்டு வர்ற குழந்தைக்குத்தான் அது மொதல்ல ஏறும். கடை வரைக்கும் கொண்டு வரணும்னா நல்ல தடிமனான ஷீட் போட்டு மூடுங்க, பெயின்ட் மேல நேரா பிரவுன் டேப் ஒட்டாம அடியில மாஸ்கிங் டேப் ஒட்டி அதுக்கு மேல ஒட்டுங்க, இல்லைன்னா பசை போகாது. முன்பக்க ஜன்னல் ரெண்டையும் இறக்கி விட்டு மெதுவா வாங்க, பின்னாடி யாரையும் உக்கார வைக்காதீங்க.

துண்டு பொறுக்குறதுல அவசரம் காட்டாதீங்க. ஆரம்ப காலத்துல ஒரு வண்டிய வேக்யூம் போட்டு சுத்தம் பண்ணிட்டோம்னு கொடுத்து அனுப்பிட்டேன், பத்து நாள் கழிச்சு அந்த வீட்டம்மா போன் பண்ணாங்க, பாப்பா கால்ல கண்ணாடி ஏறிருச்சுன்னு. இன்னைக்கும் அது மனசுல இருக்கு. அதுக்கப்புறம் எந்த வண்டி வந்தாலும் டார்ச்ச தரையோட படுக்க வச்சு அடிப்பேன், மேல இருந்து அடிச்சா தெரியாத துண்டெல்லாம் கார்பெட் முடிக்குள்ள மினுக் மினுக்னு மின்னும். சீட்டு ரயில், பெல்ட் கொக்கி, ஸ்டெப்னி குழி எல்லாம் பாருங்க. டிக்கி கதவோட உள் டிரிம்ம கழட்டச் சொல்லுங்க, பாதிக் கண்ணாடி அதுக்குள்ளதான் விழுந்து கிடக்கும், எடுக்கலைன்னா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் கலகலன்னு ஆடும், தண்ணி வடியுற ஓட்டையையும் அடைச்சிடும்.

கண்ணாடி ஆர்டர் பண்றப்ப மாடல் பேர மட்டும் சொன்னா பத்தாது, ஆர்சி காப்பியோட சேசிஸ் நம்பரையும் கொடுங்க. ஒரே மாடல்ல டிஃபாகர் கோடு (கண்ணாடில படியுற பனிய சூடு பண்ணிப் போக்குற மெல்லிசான கோடு) இருக்குறது, இல்லாதது, ரேடியோ ஆன்டெனா கோடு சேந்து வர்றது, வைப்பருக்கு ஓட்டை இருக்குறதுன்னு வேற வேற வரும். வந்த கண்ணாடி மூலைல அச்சடிச்சிருக்குறத படிங்க, ஐஎஸ்ஐ முத்திரையும் 2553ங்கிற நம்பரும் தயாரிச்ச கம்பெனி பேரும் இருக்கணும். செயின்ட் கோபைன் செக்யூரிட், ஏஐஎஸ் ரெண்டுமே வண்டி கம்பெனிகளுக்கே கண்ணாடி சப்ளை பண்றவங்கதான், அதனால வண்டி கம்பெனி லோகோ இல்லைன்னு கவலைப்படத் தேவையில்லை.

கேள்வி (வாசகர், திருச்சி): என்கிட்ட 2.2 லிட்டர் டீசல் எஸ்யூவி இருக்கு சார். பின் கண்ணாடி மாத்த 9,000 ரூபாய் கேக்குறாங்க. ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, அஞ்சு வருஷமா கிளெய்மே பண்ணதில்லை. கிளெய்ம் போடவா, கைக்காசு போடவா?

பதில்: சார், ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டுப் பாருங்க. கண்ணாடிக்கு தேய்மானம் பிடிக்க மாட்டாங்க, ஆனா ரப்பர், பிளாஸ்டிக் பீடிங்குக்கு 50 சதவீதம் பிடிப்பாங்க, ஜீரோ டெப், அதாவது தேய்மானம் பிடிக்காத கூடுதல் கவர், இருந்தா அதுவும் இல்லை. அதுபோக 1500 சிசிக்கு மேல இருக்குற காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் 2,000 ரூபாய் நீங்க கட்டியே ஆகணும், சின்ன வண்டின்னா 1,000. ஆக 9,000ல உங்களுக்கு அதிகபட்சம் 7,000 கிடைக்கும்.

இப்ப இழப்பப் பாருங்க. அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லைன்னா நோ கிளெய்ம் போனஸ் (என்சிபி), அதாவது கிளெய்ம் போடாததுக்கு பிரீமியத்துல குடுக்குற தள்ளுபடி, 50 சதவீதத்துல இருப்பீங்க. ஓன் டேமேஜ் பிரீமியம், அதாவது உங்க வண்டி சேதத்துக்குன்னு கட்டுற பங்கு, தள்ளுபடிக்கு முன்னாடி 12,000னு வச்சுக்கோங்க, வருஷத்துக்கு 6,000 மிச்சமாகுது. ஒரு கிளெய்ம் போட்டா அது பூஜ்யத்துக்கு வந்துடும், அப்புறம் 20, 25, 35, 45ன்னு ஏறி திரும்ப 50 தொடணும். அடுத்த வருஷம் 6,000, அதுக்கப்புறம் 3,600, 3,000, 1,800, 600ன்னு மொத்தம் 15,000 போகுது. வண்டி மதிப்பு குறைய குறைய பிரீமியமும் குறையும், அதனால இது கொஞ்சம் கம்மியாகலாம், ஆனாலும் 7,000க்காக இத விடுறது எனக்கு சரியாப் படலை. கைக்காசு போடுங்க.

ஒரு விஷயம் மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க: பாலிசில என்சிபி புரொடெக்ட், அதாவது கிளெய்ம் போட்டாலும் போனஸ் குறையாம காக்குற கவர், எடுத்திருந்தாலோ, கண்ணாடி மட்டும் மாத்துனா போனஸ் குறையாதுன்னு உங்க கம்பெனி வச்சிருந்தாலோ தாராளமா கிளெய்ம் போடலாம். போன்ல வாயால சொல்றத நம்பாதீங்க, மெயில்ல வாங்கிக்கோங்க. கிளெய்ம்னு முடிவு பண்ணிட்டா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு தகவல் சொல்லிடணும், நம்பர் பிளேட் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வைக்கணும், உடைஞ்ச கண்ணாடிய கூட்டித் தள்ளிட்டு அப்புறம் போன் பண்ணா சர்வேயர் என்னத்தப் பாப்பார்?

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): பின் கண்ணாடி மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு. மழை பெஞ்சா டிக்கிக்குள்ள தண்ணி நிக்குது, வேகமா போனா விசில் சத்தம், டிஃபாகரும் வேலை செய்யலை. மாத்துன கடைல கேட்டா சுத்தி சிலிக்கான் அடிச்சுத் தர்றேன்னு சொல்றாங்க. சரின்னு சொல்லட்டுமா?

பதில்: சொல்லாதீங்க சகோதரி. சிலிக்கான் பாத்ரூம் ஓரத்துக்கு அடிக்கிறது. வண்டிக் கண்ணாடிய புடிச்சு நிக்க வைக்கிறது பாலியூரித்தேன், நாங்க பியூன்னு சொல்ற கறுப்புப் பசை. கடையில கிடைக்கிற சிலிக்கான்ல நிறைய புளிச்ச காடி வாசம் அடிக்கும் பாருங்க, அந்த அமிலம் தகரத்தையே அரிக்கும்.

இதே மாதிரி சிலிக்கான் அடிச்ச வண்டி ஒண்ணு எங்க கடைக்கு வந்துச்சு. சாதாரணமா பழைய பசைய வயர் போட்டு அறுத்துத்தான் கண்ணாடிய எடுக்கணும், ரெண்டு ஆளு வேர்த்து விறுவிறுத்துப் போவோம். அந்த வண்டில ஒரு மூலைய நெம்புனதும் கண்ணாடி டப்பா மூடி மாதிரி கைல வந்துருச்சு. அடியில தகரம் முழுக்க துரு, விரல் வச்சா அடை அடையா பேந்து வருது. அந்தக் கண்ணாடிக்கு முன்னாடிதான் மூணாவது வரிசைல ரெண்டு குழந்தைங்க தெனமும் ஸ்கூலுக்குப் போயிட்டு இருந்திருக்காங்க. எனக்கு அன்னைக்கு முழுக்க வேலையே ஓடலை.

ஒட்டுற முறை இதான், பக்கத்துலயே நின்னு பாருங்க. பழைய பியூவ அடியோட சுரண்டாம ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் விட்டு சமமா சீவணும், புதுசு அது மேல நல்லாப் புடிக்கும். சீவும்போது பெயின்ட் கீறி தகரம் தெரிஞ்சா அங்க பிரைமர் வைக்காம விடவே கூடாது, துரு ஆரம்பிக்கிறதே அந்தக் கீறல்லதான். கண்ணாடி ஓரத்துல இருக்குற கறுப்புப் பட்டைய துடைச்சு பிரைமர் அடிச்சு அது காயுற வரைக்கும் காத்திருக்கணும், அது மேல வெறும் விரல் பட்டாக்கூட அந்த இடத்துல ஒட்டாது. அப்புறம் பியூவ நடுவுல எங்கயும் அறுபடாம முக்கோணமா ஒரே இழையா இழுக்கணும், சக்‌ஷன் கப்புல புடிச்சு ஒரே தடவைல உக்கார வைக்கணும். பியூ டியூப்ல எக்ஸ்பைரி தேதி இருக்கும், பாக்கத் தயங்காதீங்க, உங்க உரிமை அது.

உங்க வண்டில தண்ணி எங்கேந்து வருதுன்னு மொதல்ல உறுதி பண்ணிக்கோங்க. ஒருத்தர் டார்ச்சோட உள்ள படுக்கணும், இன்னொருத்தர் வெளிய ஹோஸ்ல மெதுவா கீழேருந்து மேல கொண்டு போகணும். மேலேருந்து ஊத்துனா எல்லா இடத்துலயும் வழியும், ஒண்ணும் புரியாது. சில நேரம் டெயில் லைட் வாஷர்லயோ டிக்கி ரப்பர்லயோ ஒழுகிட்டு கண்ணாடி மேல பழி வந்துரும். ஆனா விசிலும் சேந்து வருதுன்னா பியூ இழை எங்கயோ அறுந்திருக்குன்னுதான் நான் நினைக்கிறேன். கண்ணாடிய எடுத்து திரும்ப ஒட்டச் சொல்லிக் கேளுங்க, அது அவங்க செஞ்சு தர வேண்டிய வேலை.

டிஃபாகர்ல எல்லாக் கோடும் வேலை செய்யலைன்னா பெரும்பாலும் ஓரத்துல இருக்குற கனெக்டர மாட்டாம விட்டிருப்பாங்க, இல்லைன்னா ஃபியூஸ், ரிலே. ஒரே ஒரு கோட்டுல மட்டும் பனி போகலைன்னா அந்தக் கோடு அறுந்திருக்கு, அதுக்குன்னு இருக்குற வெள்ளி பெயின்ட்ட ஒரு பொட்டு வச்சா போதும், கண்ணாடி மாத்தத் தேவையில்லை.

கேள்வி (வாசகர், அம்பத்தூர்): புதுப்பேட்டைல பழைய கண்ணாடி பாதி விலைக்குக் கிடைக்குதாம், வாங்கலாமா? சைஸ் கொஞ்சம் பெருசா இருந்தா வெட்டிக்கலாமா?

பதில்: வெட்டவே முடியாதுங்க, டெம்பர்டு கண்ணாடில கட்டர் இறங்குன அடுத்த நொடி மொத்தமும் கொட்டிரும். அளவு வெட்டி ஓட்டை போட்டதுக்கு அப்புறம்தான் அத சூடு பண்ணவே செய்வாங்க. அதே மாடலோட பழைய கண்ணாடின்னா வாங்கலாம், நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஓரம் முழுக்க விரல ஓட்டிப் பாருங்க, ஒரு சின்ன சில்லு பேந்திருந்தாலும் விட்டுருங்க, வெயில்லயோ டிக்கிய ஓங்கி சாத்துறப்பயோ ஒரு நாள் தானா உடையும். டிஃபாகர் டெர்மினல் ரெண்டும் ஒட்டிட்டு இருக்கான்னு பாருங்க. ஆழமான கீறல் வேண்டாம்.

கேள்வி (வாசகர், ஈரோடு): நாளைக்குப் புதுக் கண்ணாடி ஒட்டப் போறோம். எப்ப வண்டி எடுக்கலாம், எப்ப கழுவலாம்? அப்படியே கறுப்பு ஃபிலிமும் ஒட்டிடலாம்னு இருக்கேன்.

பதில்: பியூ காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சித்தான் காயும், ஒரு நாளைக்கு மூணு நாலு மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். சில பசை ஒரு மணி நேரத்துல வண்டி எடுக்கலாம்னு வரும், சிலது நாலஞ்சு மணி நேரம் கேக்கும், டியூப்ல போட்டிருக்குறத ஃபிட்டர்கிட்ட கேட்டு அதுக்கு மேல ஒரு மணி நேரம் விட்டு எடுங்க. மொத நாள் முழுக்க மாஸ்கிங் டேப்ப பிரிக்காதீங்க. ஒரு ஜன்னல அரை இஞ்ச் இறக்கியே வைங்க, எல்லாம் மூடியிருக்கும்போது கதவ ஓங்கி சாத்துனா உள்காத்து புதுக் கண்ணாடிய வெளிய தள்ளும். மழைத் தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, வாட்டர் சர்வீஸ் பிரஷர் மட்டும் ரெண்டு நாளைக்கு வேண்டாம்.

கறுப்பு ஃபிலிம் வேண்டாம் தம்பி. பின் கண்ணாடி வழியா 70 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும்னு சட்டமே இருக்கு, அதுவும் போக நாளைக்கு அத உரிக்கும்போது டிஃபாகர் கோடும் சேந்து உரிஞ்சு வந்துரும். உள்பக்கம் துடைக்கும்போதும் மெல்லிசான ஈரத் துணியால கோடு போற வாக்குலயே இடமிருந்து வலமா துடைங்க, மேலும் கீழுமா தேய்க்காதீங்க, பிளேடு கிட்டயே கொண்டு போகாதீங்க.